முதலில் நகர வேண்டியது குப்பமா?

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது எங்கள் பொதட்டூர்பேட்டை. தாண்டினால் ஆந்திரா. கிழக்குக் கோடியில் பழவேற்காடு, அதைத் தாண்டினால் வங்காள விரிகுடா. இங்கிருந்து அங்கே போக மூன்று நான்கு பஸ் மாற வேண்டும். ஆனாலும் இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டில் தரைப்பாலம் முழுகும். அந்தக் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர்தான் பூண்டி வழியாகப் போய் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. அதனால் துருவத்தில் பனி உருகுவதும், கடலோரக் குப்பங்களை இடம் மாற்றப் பேசுவதும் எனக்கு அயலூர்க் கதையாகப் படவில்லை.

பனி உருகினால் கடல் உயரும் என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்கிறார்கள். எந்தப் பனி என்று கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். வடதுருவக் கடலில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் ஏறக்குறைய மாறுவதில்லை. நிலத்தின் மேல் அடுக்கடுக்காகக் கிடக்கும் பனி உருகிக் கடலில் இறங்கும்போதுதான் மட்டம் கூடுகிறது. அப்படிப்பட்ட பனி கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் இருக்கிறது. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. அண்டார்டிகா 15,000 கோடி டன். கடல் உலகம் முழுக்க ஒரு மில்லிமீட்டர் உயர 36,000 கோடி டன் தண்ணீர் வேண்டும். இதோடு மலைகளின் பனியாறுகள் உருகுகின்றன, சூடேறிய கடல்நீரும் விரிகிறது. எல்லாம் சேர்ந்து, செயற்கைக்கோள் கொண்டு அளக்கத் தொடங்கிய 1993 முதல் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. அப்போது ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்த வேகம் இப்போது 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் உறைத்த செய்தி வேறு. அவ்வளவு பெரிய பனித்திரளுக்கு ஈர்ப்பு விசை உண்டு, சுற்றியுள்ள கடல்நீரை அது தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்கிறது, நீர் விலகிப் போகிறது. கிரீன்லாந்தில் பனி உருகினால் கிரீன்லாந்துக் கரையில் கடல் இறங்குகிறது. உயர்வது தூரத்தில். வடக்கே உருகினாலும் தெற்கே உருகினாலும் உலக சராசரியைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்வது நடுவில் இருக்கிற வெப்ப நாடுகளின் கடல்கள். பனியையே கண்ணால் பார்த்திராத பழவேற்காட்டு மீனவர் தலையில் அந்தக் கூடுதல் பங்கு விழுகிறது.

மில்லிமீட்டர் கணக்குக்கு இத்தனை பதற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு 2021இல் கொடுத்த மதிப்பீட்டின்படி, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் புகையைக் கட்டுப்படுத்தினால் சுமார் 30 முதல் 55 சென்டிமீட்டர் வரை, கட்டுப்படுத்தாமல் விட்டால் ஒரு மீட்டர் வரை கடல் உயரலாம். பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல்திட்டின் மேல்தான் குப்பங்கள் இருக்கின்றன. அங்கே அரை மீட்டர் என்றால், புயல் நாளில் அலை எந்த வீட்டு வாசல் வரை வரும் என்ற கணக்கே மாறிவிடும்.

ஆனால் பழியை எல்லாம் பனியின் மேல் போட்டுவிட்டு ஒதுங்குவது நியாயம் இல்லை. வடசென்னைக் கரை உலகம் சூடாவதற்கு முன்பே கரையத் தொடங்கியது. நம் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். தெற்கே தடுக்கப்பட்ட மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. தெருக்கள் போயின, கோயில்கள் போயின. கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பித்தது, அதற்கு வடக்கே அடுத்த குப்பத்துக்கு வந்தது வினை. பிறகு 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். சென்னையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், தமிழ்நாட்டுக் கடற்கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு ஆளானது தெரிந்தது.

கரையில் மட்டுமல்ல, மண்ணுக்கு அடியிலும் கடல் வந்துவிட்டது. மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் இறுதியிலிருந்து சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் பயிருக்காகவும் நிலத்தடி நீரை உறிஞ்சினோம். நல்ல தண்ணீர் விட்ட இடத்தை உப்புத் தண்ணீர் பிடித்தது. இன்று கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கிணறுகளில் உப்புக் கரிக்கிறது. அதே மீஞ்சூர் அருகே 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

சரி, இடம் மாறச் சொல்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 அன்று அரசாணை எண் 172 வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் தள்ளிப் போனால் இலவசமாக வீடு உண்டு, பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக விரும்பாதவர்கள் அங்கேயே இருக்கலாம், புது வீடு கிடைக்காது. ஏட்டில் இது விருப்பத்துக்கு விட்டதுதான். ஆனால் வீடு இழந்து நிற்பவனுக்கு அதில் எவ்வளவு விருப்பம் இருந்திருக்க முடியும்? திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்த வடசென்னைக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். 30 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை மூன்று மணிக்குப் படகு தள்ள வேண்டியவர் எந்த பஸ்ஸைப் பிடித்துக் காசிமேட்டுக்குப் போய்ச் சேருவார்? கடலுக்குப் பயந்து போன செம்மஞ்சேரியிலும் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்பதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஒடிசாவில் இதைவிடப் பொறுமையாகச் செய்தார்கள் என்று சொல்வதுண்டு. கேந்திரபாடா மாவட்டத்துச் சதபாயா ஏழு ஊர்களின் தொகுப்பு, பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்த 571 குடும்பங்களை 2018இல் உள்ளே தள்ளி இருக்கும் பாகபாட்டியா என்ற ஊருக்கு அரசே குடியேற்றியது. குடும்பத்துக்குப் பத்து சென்ட் மனை. கடலரிப்புக்காக இந்தியாவில் ஓர் அரசு முன்னின்று நடத்திய முதல் குடிபெயர்ப்பு என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். சதபாயாவின் பஞ்சுபராகி அம்மன் கோயிலில் பூசை செய்பவர்கள் மீனவப் பெண்கள், ஆண்கள் சிலைகளைத் தொடக் கூடாது. 2018 ஏப்ரலில் ஐந்து அம்மன் சிலைகளையும் புதிய கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரை டன் கனம். பெண்களால் தூக்க முடியாது என்பதால் அன்றைக்கு மட்டும் வழக்கத்தைத் தளர்த்தி ஐந்து ஆண்களை அனுமதித்தார்கள். சாமியை வண்டியேற்றி அனுப்புவதென்றால் ஒரு ஊருக்கு எப்படி இருக்கும் என்பது திருத்தணி முருகனை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எங்களுக்குச் சொல்லாமலே புரியும். பாகபாட்டியாவில் வீடு கிடைத்தது, ரோடு கிடைத்தது. உழுவதற்கு நிலமும் மீன் பிடிக்கக் கரையும் அதோடு வரவில்லை. இளைஞர்கள் கேரளத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள்.

இந்தக் குடிபெயர்ப்பு எங்கே பிசகுகிறது என்று எங்கள் ஊர் நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழித்தறி போட்ட வீட்டில் தறிக்குழியே வீட்டின் பாதி. விடிகாலையில் பாவு விரித்துக் கஞ்சி போட்ட நாட்களில் தெருவும் தொழிற்கூடம்தான். அந்தக் குடும்பத்தை மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு ஏற்றினால் குழி எங்கே தோண்டுவது, பாவை எங்கே விரிப்பது? மீனவருக்குக் கரை அந்தத் தெருவைப் போல. வலை காய்வதும் படகு ஏறுவதும் மீன் ஏலம் போவதும் கருவாடு உலர்வதும் அங்கேதான்.

பழவேற்காட்டில் ஒரு முறை இறால் தடவும் பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மார்பளவு தண்ணீர். பனையோலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் அடிச்சேற்றில் விட்டு நிதானமாகத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். விரலில் இறால் துள்ளியதும் அழுத்தி எடுத்துப் பறிக்குள் போடுகிறார்கள். வலை இல்லை, படகு இல்லை, முதலும் இல்லை. எந்த மாதம், எந்த நீரோட்டத்தில், எந்தச் சேற்றில் இறால் பதுங்கும் என்ற அறிவு ஒன்றுதான் மூலதனம். கரையேறிய ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “உங்களுக்கு உள்ள தள்ளி வீடு கட்டிக் குடுத்தா போவீங்களாம்மா?” என்றேன். பறியை இறக்கி வைத்தவர், “எவ்ளோ தூரம்னு சொல்லு தம்பி. நடந்து வர்ற தூரம்னா போவேன். பஸ்ஸுல வர்ற தூரம்னா நான் இன்னாத்துக்கு ஆவேன்?” என்றார்.

குடிபெயர்ப்புத் திட்டம் எதுவும் அந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். உள்மாவட்டத்தில் புறம்போக்கு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கும்மிடிப்பூண்டிக்கு அப்பாலோ எங்கள் பள்ளிப்பட்டு மலையடிவாரத்திலோ அடுக்குமாடி கட்டிக் கொண்டுவந்து இறக்குவது அந்த மக்களைக் காப்பாற்றுவதாகாது. அவர்கள் வந்தால் வரவேற்போம், அது வேறு விஷயம். பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த நீர்ப்பரப்பில் யாருக்கு எந்த நாள் முறை என்பதை ஊர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்கின்றன. தலைக்கட்டு வரி கொடுக்கும் குடும்பத்துக்கே அதில் இடம். ஊரை விட்டுப் போனவருக்குப் பாடும் போகும். இதற்கு எந்த அரசாணையிலும் நஷ்ட ஈடு எழுதியதாக நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் ஏற்கெனவே பலரை எழுப்பியிருக்கிறோம். ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெளியேறியவர்களின் குடும்பங்கள் பழவேற்காட்டைச் சுற்றி இருக்கின்றன. காட்டுப்பள்ளிக் குப்பத்தைத் துறைமுகத்துக்காக இடம் மாற்றினார்கள். அந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டமும் வந்தது. அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்து எடுக்கும் நிலம். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தை 2021இல் ஒரு முறையும் 2023இல் ஒரு முறையும் தள்ளி வைத்தார்கள். மீனவரிடம் கடல் உயர்கிறது, ஆபத்து, போய்விடு என்கிறோம். அதே கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்பவரிடம் கடல் உயர்கிறதே என்று சொல்வதில்லை. கரையை விட்டு விலகுவது கட்டாயமாகும்போது கரை இல்லாமலும் பிழைக்கக்கூடியவை முதலில் விலகட்டும். சேமிப்புக் கிடங்கு, சாம்பல் குளம், உல்லாச விடுதி எல்லாவற்றுக்கும் உள்ளே இடம் உண்டு. கடைசியாக, கொஞ்ச தூரம் மட்டும் நகர வேண்டியது குப்பம்.

பணம் இல்லை என்ற பேச்சும் எடுபடாது. 15ஆவது நிதி ஆணையம் அரிப்பால் இடம் இழந்தவர்களை மறுபடி குடியமர்த்த நாடு முழுமைக்கும் 1,000 கோடி ரூபாயும், அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும் 2021 முதல் 2026 வரைக்கு ஒதுக்கச் சொன்னது. முன்மாதிரியும் இல்லாமல் இல்லை. பனாமாவில் கார்டி சுக்டுப் என்ற சிறு தீவின் சுமார் 300 குடும்பங்கள் 2024 ஜூனில் எதிர்க்கரைக்கு மாறினார்கள். அங்கிருந்து படகில் பழைய தீவுக்குப் போய்வர முடிகிறது. பழவேற்காட்டில் ஒவ்வொரு குப்பத்துக்கும் நடந்து போகும் தூரத்தில், கொஞ்சம் மேடான நிலத்தை இப்போதே அளந்து அந்தக் குப்பத்தின் பெயரிலேயே ஒதுக்கி வைக்கலாம். பழைய கரை ஊரின் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். வீடு நகர்ந்ததும் அங்கே ரிசார்ட் வரக் கூடாது.

எங்கள் பக்கம் எல்லைக்காகப் போராடிய மண். ம.பொ.சி. முன்னின்ற போராட்டத்தால்தான் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கிழக்கு எல்லையில் போகிற நிலத்துக்கும் நாங்கள் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அதற்குக் கையில் இருக்கிற வழி ஆறுதான். ஆற்றுமணலைப் பூண்டிக்கு மேலே அள்ளினால் எங்கள் ஊற்று போகிறது, பூண்டிக்குக் கீழே அள்ளினால் அவர்கள் கரை போகிறது. 1944இல் கட்டிய பூண்டி அணைக்குப் பின்னால் தேங்கிய மணலும் கடலுக்குச் சேர வேண்டியதே. தூர்வாரினால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மணல் அள்ளுவதற்கு எதிராகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு நம்மவர்கள் மனு எடுத்துப் போகிறார்கள். முகத்துவாரம் தூர்ந்துபோனதைச் சொல்லப் பழவேற்காட்டுக்காரர்களும் அங்கே வருகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை இரண்டையும் ஒரே மனுவாக எழுதிக் கொடுக்கலாம்.