ஏழு வருஷக் கணக்கும் 1950 ஆகஸ்டும்

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் மே, ஜூன் வந்தால் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். நீட் மார்க் எவ்வளவு, எந்தக் கோச்சிங், கட்-ஆஃப் போன வருஷத்தை விட ஏறுமா இறங்குமா. சரி, பேச வேண்டியதுதான். 2025-ல் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள், எம்.பி.பி.எஸ். இடம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துச் சொச்சம். ஆனால் மார்க்கைப் பற்றிப் பேசுகிற நம்ம ஆட்கள் பேசாமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை?

(டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். விதிகள் வருஷா வருஷம் மாறும். அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.)

அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம்தான் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85 மாநிலத்துக்கு. இது பிடிக்காத தமிழர்கள் பெங்களூரில் நிறைய. "ஒரே தேசம், ஒரே பரீட்சை, அப்புறம் என்ன மாநில ஒதுக்கீடு?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாடு தன் காசில் மாவட்டத்துக்கு மாவட்டம் கல்லூரி கட்டியது, படித்தவர்கள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டும் என்றுதான். கர்நாடகத்துக்கும் அதே நியாயம். மாநில ஒதுக்கீடு இருக்கட்டும். யார் அந்த மாநிலத்தவர் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் விசாரம்.

இதில் கர்நாடகம் நேர்மையாகவே நடந்துகொள்கிறது என்பேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரை குறைந்தது ஏழு வருஷம் இங்கே படித்து, பத்தாவதோ பி.யூ.சி.யோ இங்கே தேறியிருந்தால் பொதுவாக மாநில ஒதுக்கீட்டுக்கு வரலாம். வீட்டில் என்ன பாஷை பேசுகிறாய் என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வெளியே படித்தவர்கள் பிறப்பிடச் சான்றிதழும், அப்பா அம்மாவின் படிப்பு, இருப்பிடக் காகிதங்களும் கொடுக்க வேண்டும். ஊரில் வேர் உள்ள குடும்பங்களுக்கு இது திறந்த கதவுதான், தாசில்தார் ஆபீஸுக்கு நாலு நடை நடக்கத் தெம்பு இருந்தால்.

இரண்டு கதவும் திறந்திருக்கிறதே என்று இரண்டிலும் நுழையப் பார்க்கிறவர்கள் உண்டு. வேண்டாம். இரண்டு மாநிலத்திலும் "நான் இந்த மண்ணின் பிள்ளை" என்று எழுதிக் கொடுப்பதைத் தமிழ்நாடு ஏற்பதில்லை. 2017-ல் இது பெரிய சர்ச்சையாகி கோர்ட் வரை போனது. எட்டாவது முடிவதற்குள் எந்த மாநிலம் என்று முடிவெடுத்துவிடுவது நல்லது. என்னைப் போல் டிரான்ஸ்ஃபர் உத்தியோகக்காரர்கள் ஏழு வருஷக் கணக்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது காகித வேலை, சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. சாதிச் சான்றிதழ்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண். பிறந்தது இங்கே, எல்.கே.ஜி.யிலிருந்து பி.யூ.சி. வரை இங்கே. அப்பா கல்யாணத்துக்கு முன் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆதிதிராவிடர், பெயின்டர். ஏழு வருஷ விதிப்படி அவள் கர்நாடக மாணவி. ஆனால் எஸ்.சி. ஒதுக்கீட்டில் இல்லை, பொதுப் பிரிவில். ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகத்தின் எஸ்.சி. பட்டியலிலும் இருக்கிறது. இருந்தும் பயனில்லை.

இதற்குக் காரணமான தீர்ப்பே மருத்துவ சீட்டு வழக்கில் வந்ததுதான். ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்த பழங்குடிப் பையன், மர்ரி சந்திரசேகர ராவ். அப்பாவுக்குப் பொதுத்துறை உர நிறுவனத்தில் வேலை, பம்பாய்க்குக் குடும்பம் வந்தது. பையன் அங்கேயே பள்ளி முடித்து, 1989-ல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தான். நீ மகாராஷ்டிரப் பழங்குடி இல்லை என்றார்கள். 1990 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அதையே சொன்னது. ஒரு சாதி ஒரு மாநிலத்தில் அனுபவிக்கும் பின்னடைவு இன்னொரு மாநிலத்தில் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது என்பது வாதம். இரண்டு மாநிலப் பட்டியலிலும் ஒரே பெயர் இருந்தாலும் இதே கதிதான் என்று 1994-ல் இன்னொரு அமர்வு உறுதி செய்தது. 1990 தீர்ப்பிலேயே, வேலை மாற்றத்தால் தன் விருப்பமில்லாமல் இடம் பெயர்கிறவர்களுக்குச் சட்டம் கொண்டுவருவதை நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது சாமி.

நீதிபதிகளின் கவலை எனக்குப் புரிகிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் உள்ளூர் தலித் பிள்ளைகளின் பங்கைத் தின்றுவிடக் கூடாது. ஆனால் பின்னடைவு ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி நின்றுகொள்வதில்லை. அது குடும்பத்தோடு பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் வரை வந்து இறங்குகிறது. வாடகைக்கு வீடு கேட்கப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று இங்கேயும் கேட்கிறார்கள், தமிழிலேயே. ஆகவே பத்து வருஷமாவது இந்த மாநிலப் பள்ளியில் படித்து, சாதி இரண்டு பட்டியலிலும் இருந்தால், அந்தப் பிள்ளையை இந்த மாநில எஸ்.சி.யாகவே எண்ணட்டும் என்கிறேன். நேற்று வந்து நாளைக்குச் சான்றிதழ் கேட்பவர்களை இது உள்ளே விடாது. நம் தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவுக்கு மந்திரியை அழைக்கும்போது இந்தக் கோரிக்கையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

சட்டம் மாறும் வரை அந்த மாதிரிக் குடும்பங்களுக்கு இரண்டு வழி. அகில இந்திய ஒதுக்கீடு, எய்ம்ஸ், ஜிப்மர் இவற்றில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். அப்பாவின் சான்றிதழைக் காட்டிப் பிள்ளைக்கும் வாங்கலாம். இல்லையென்றால் தமிழ்நாட்டின் கதவு. ஒதுக்கீடும் சேர்ந்து கிடைக்கும். அதற்கான காகிதத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தேடத் தொடங்குங்கள்.

மூன்றாவது வழி என்று சிலர் எங்கள் வங்கிக்கு வருகிறார்கள். தனியார் பல்கலைக்கழகம், மொத்தச் செலவு கோடியைத் தாண்டும். 80 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 86 ஆயிரம். படிக்கிற காலத்து வட்டி தனி. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வீட்டுப் பத்திரத்தை அடமானம் கேட்போம். இளம் டாக்டர் கையில் முதல் சில வருஷம் என்ன நிற்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடன் கொடுக்கிறவனே சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், பழைய கன்டோன்மென்ட் குடும்பங்களுக்கு. இங்கே ரயில் வந்தது 1864-ல். அதற்கும் முன்பிருந்தே ராணுவத்தை ஒட்டி நம்மவர்கள் குடியேறினார்கள். எஸ்.சி. பட்டியலுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே உங்கள் தாத்தா இங்கே குடியிருந்ததாகக் காட்ட முடிந்தால் நீங்கள் 'வந்தவர்கள்' கணக்கில் வரமாட்டீர்கள். தாத்தாவின் பள்ளி டி.சி., சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, வீட்டு வரி ரசீது, ரயில்வே அல்லது கோலார் தங்கவயல் சர்வீஸ் புத்தகம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பரணில் இருக்கும் அந்தத் தகர டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள்.