கயிற்றைக் கழற்றாதீர்கள்

மாலை 6 மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகள் நின்றுவிடும். மறுநாள் காலை 7.30 வரை, பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் என்று நீளும் அந்தச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடப்பவர்களுக்குத்தான். அப்படி நடப்பவர்களில் நாய்களும் உண்டு. உள்ளூர் லாப்ரடார், பக், சிப்பிப்பாறை போதாதென்று, சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களில் வந்து இறங்கும் நாய்கள் வேறு. ஊரின் அழகான காட்சிகளில் ஒன்று இது. இது நீடிக்க வேண்டும்.

கூட்டம் சற்றுக் குறைந்ததும் சிலர் நாயின் கயிற்றைக் கழற்றிவிடுகிறார்கள். எதிரே வரும் குழந்தையோ முதியவரோ மிரண்டு ஒதுங்கினால், "ஒண்ணும் பண்ணாதுங்க, பழகுன நாய்தான்" என்று சமாதானம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையே. அந்த நாய் யாரையும் கடிக்கப் போவதில்லை. ஆனால், அதற்கு என்ன நேரும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாது என்றாலும், அதில் வந்து சேரும் குறுக்குத் தெருக்களில் ஓடும். ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு திரும்பும் நாய், அரை நிமிடத்தில் துய்மா வீதியில் ஒரு ஸ்கூட்டரின் முன்னால் நிற்கும். மறுபக்கம் கருங்கற் பாறைகள். அவற்றின் இடுக்குகளில் நாயின் கால் சிக்கினால் எலும்பு முறியும். உடைந்த பீர் பாட்டில் துண்டுகளும் அங்கேதான் கிடக்கின்றன. அந்தப் பகுதியைத் தங்கள் எல்லையாக வைத்திருக்கும் தெருநாய்களுக்கு, கட்டில்லாமல் ஓடிவரும் புது நாய் எதிரி. வீட்டு நாய்க்குச் சண்டை தெரியாது, தப்பி ஓடும் வழியும் தெரியாது. தெருநாய் கடித்துவிட்டால், ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ரேபிஸ் நோயின் குறிகள் தெரிந்த பிறகு எந்த மருந்தும் கேட்காது. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் 36 சதவீதம் பேர் இந்தியர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மணற்பாங்கான கரைகளில் ஆபத்து வேறு மாதிரி. வலையிலிருந்து கழித்துப் போடப்பட்ட மீன்களில் பேத்தையும் இருக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும். இதற்கு முறிமருந்து கிடையாது. மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் நாய் மீனின் பெயர் கேட்டா தின்னும்? தாகத்தில் கடல்நீரைக் குடித்தாலும் வாந்தி, பேதி, மிகுந்தால் வலிப்பு வரை போகும். குடிநீர் பாட்டிலும் சிறு கிண்ணமும் எடுத்துப் போவது பெரிய சுமையல்ல.

உண்மையில், கடலைவிடவும் தெருநாயைவிடவும் நம் ஊரில் நாய்க்குப் பெரிய எதிரி வெயில்தான். மனிதரைப் போல உடல் முழுக்க வியர்த்துச் சூட்டைத் தணிக்க நாயால் முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே அதற்குள்ள முக்கிய வழி. மூக்கு சப்பையான பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களுக்கு அதுவும் பாதிதான் வேலை செய்யும். கத்திரி வெயிலில் தார்ச்சாலையும் கருங்கல் நடைபாதையும் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. அதிகமாக இளைத்து, எச்சில் வடித்து, தள்ளாடத் தொடங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலைத் தண்ணீரால் நனைத்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இதைவிடக் கொடுமை, காரில் பூட்டி வைப்பது. நேரு வீதியிலோ மிஷன் வீதியிலோ மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் "பத்து நிமிஷந்தானே" என்று ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கிவிட்டுப் போகிறார்கள். நிறுத்திவைத்த கார்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. வெளியே 22 முதல் 36 டிகிரி வரை வெப்பம் இருந்த நாட்களில், காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள் ஏறிவிட்டது. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்ததால் குறிப்பிடும்படி பலன் இல்லை. புதுச்சேரி மே மாதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு பதறும். நாயைக் கூட வைத்துக்கொள்ள முடியாத இடத்துக்குப் போவதென்றால், அதைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டுப் போவதே அதற்குச் செய்யும் அன்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிய வாய்க்கால் ஓரத்திலும் தேங்கிய நீரிலும் நாயை இறக்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதன்வழியே வீட்டாருக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது.

வெடிச்சத்தத்துக்கு மிரண்டு நாய் காணாமல் போவது தீபாவளியோடு முடிவதில்லை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது மேளமும் கூட்டமும் அலைமோதும். புத்தாண்டு இரவில் கடற்கரைச் சாலையில் கால்வைக்க இடமிருக்காது. இந்த நாட்களில் நாயை வீட்டின் உள்ளறையில் வைத்திருப்பது நல்லது. வெளியே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கழுத்துப் பட்டை மட்டும் போதாது. மிரண்ட நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வேண்டும்.

தப்பி ஓடிய நாயின் நிலைமை இப்போது முன்னைவிடச் சிக்கல். தெருநாய்கள் பற்றிய வழக்கை 2025 ஆகஸ்ட் 22-ல் நாடு முழுவதுக்கும் விரிவாக்கிய உச்ச நீதிமன்றம், பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று நவம்பர் 7-ல் உத்தரவிட்டது. உங்கள் வீட்டு நாய் பேருந்து நிலையப் பக்கம் வழிதவறி நின்றால், பட்டையோ அடையாளமோ இல்லாத அதை எப்படிப் பிரித்தறிவார்கள்?

பிரான்ஸ் இதை வெகுமுன்பே தீர்த்துக்கொண்டது. 1999 ஜனவரி 6-ம் தேதிச் சட்டத்துக்குப் பிறகு பிறந்த, நான்கு மாதம் கடந்த ஒவ்வொரு நாய்க்கும் பச்சை குத்திய குறியோ மைக்ரோசிப்போ அங்கே கட்டாயம். ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்ட நாய்களை வாய்மூடியும் கயிறும் இல்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுவர முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் வாழும் நம் ஊருக்கு இது அந்நியமான செய்தியல்ல.

சென்னைக்கு இந்தப் பாடம் வலியோடு வந்தது. 2024 மே மாதம் ஆயிரம்விளக்கு பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் வளர்ப்புப் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். இவற்றுக்குப் பிறகே உரிமமும் மைக்ரோசிப்பும் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி கண்டிப்புக் காட்டியது. இப்படியொரு துயரம் நடக்கும்வரை புதுச்சேரி காத்திருக்க வேண்டியதில்லை. கவனக்குறைவால் வளர்ப்புப் பிராணி பிறருக்கு ஆபத்தாக விடப்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு. உரிமையாளர் சிறை போவது ஒருபுறம் இருக்கட்டும். கடித்த நாயின் கதி என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பயந்து நாயை வாசலிலேயே கட்டிப்போடுவதும் தீர்வாகாது. சதா கட்டிவைத்த நாய்க்குப் போதிய நடையும் ஓட்டமும் தராமலிருப்பது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றம். ஓட இடம் வேண்டும். ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே சுமார் 1.3 ஏக்கரில் வேலியிட்ட பூங்கா அமைத்தது. கயிற்றைக் கழற்றிவிட ஆசைப்படுபவர்கள் அங்கே கழற்றிவிடலாம், யாருக்கும் அச்சமில்லை. அத்தனை பெரிய இடம் புதுச்சேரியில் கிடைப்பது கடினம்தான். கால் ஏக்கர் போதும். வேலியும் தண்ணீர்த் தொட்டியும் கழிவுத் தொட்டியும் இருந்தால் காலையில் இரண்டு மணி நேரமாவது திறந்து வைக்கலாம். அப்போது கடற்கரைச் சாலையில் கயிறு கட்டாயம் என்று சொல்லும் தார்மிக உரிமை நகராட்சிக்குக் கிடைக்கும்.

நாய்களைப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கப் பெரிய செலவும் தேவையில்லை. குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மருத்துவர்களும் மாணவர்களும் அங்கே உண்டு. செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம். அன்று நகராட்சியும் அந்த நிறுவனமும் சேர்ந்து ஒரு தடுப்பூசி முகாம் நடத்தினால், நாயோடு வரிசையில் நிற்பவர்களுக்கு அங்கேயே சிப் பொருத்தி, உரிமையாளரின் தொலைபேசி எண்ணையும் பதிந்து அனுப்பிவிடலாம்.