களத்தில் போரடித்தவர்களும் வீட்டில் போரடிப்பவர்களும்

‘போர்’ அடிப்பதற்குத் தமிழில் நேரான சொல் இல்லை, ஏனெனில் தமிழன் அந்நோயை அறியாதவன் என்றொரு வாதம் இலக்கிய அன்பர்களிடையே அவ்வப்போது தலைகாட்டுகிறது. கிராமத்தில் சலிப்புக்கு இடமேயில்லை என்பது அதன் வால். இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

ஆங்கிலத்துக்கே அச்சொல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்து சேர்ந்தது. மூலம் இன்றும் தெளிவாகவில்லை. அதற்கு முன் ஆங்கிலேயன் சலிப்பை அறியாதிருந்தான் என்று எவரும் சொல்வதில்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவிகள், கதிரவன் நகராமல் நிற்பதாகத் தோன்றச் செய்யும் நண்பகற்பேய் ஒன்றைப் பற்றி எழுதிவைத்தார்கள். (நம் இலக்கணம் பாலைத்திணைக்கு வகுத்த சிறுபொழுதும் நண்பகலே. இதில் உறவு எதையும் நாம் கற்பிக்கவில்லை. வியக்க மட்டுமே செய்கிறோம்.)

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. உத்திரமேரூர்ப் பக்கத்தில் நாள் முழுதும் நாற்று நட்டுத் திரும்பும் பெண்ணுக்கு இருப்பது அலுப்பு. அது உடம்பைச் சேர்ந்தது, உறங்கினால் தீரும். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்பவருக்கு வருவது சலிப்பு. அது உறக்கத்தில் தீராது. படிப்பை முடித்து வேலையின்றி வீட்டில் இருக்கும் இளைஞன் சொல்வதோ “பொழுது போகவில்லை” என்பது. இவ்வாக்கியத்தில் எழுவாய் அவனல்லன், பொழுது. ஜெர்மானியர் இதையே ‘நீண்ட பொழுது’ என்று ஒரு சொல்லாக்கினார்கள். ஹைடெக்கர் 1929-30இல் நிகழ்த்திய விரிவுரைத் தொடரில் அதைப் பற்றி நெடுக ஆராய்ந்தார். நம்மவன் சொன்னால் மட்டும் அது சோம்பேறியின் புலம்பலாகிவிடுகிறது!

பிரித்தறிவது இம்மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைக்குத் தகுதியற்றோரை வகைப்படுத்தும்போது, கணக்குக் காட்டாதவனோடு நிறுத்தாமல் அவன் சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள் வரை தனித்தனியே பெயர் சுட்டுகின்றன. அக்கல்வெட்டைப் பார்க்க வருவோர் பத்து நிமிடத்தில் படமெடுத்துக்கொண்டு, “ஊர் போர்” என்று சொல்லிப் பேருந்து ஏறுகிறார்கள். மூன்று துன்பங்களையும் ஒரே சாக்கில் கட்டும் சொல் அது.

அச்சொல்லிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ‘போரடித்தல்’ என்பது பழைய தமிழ். கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளை வளையவிட்டு மிதிக்கச் செய்து நெல்லைப் பிரிப்பதற்கு அதுவே பெயர். அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, நெல்லைக் கொட்டிவிட்டுப் போகும் இந்நாளில், களமும் இல்லை, மாடும் இல்லை. அடித்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் எஞ்சியிருப்பது இரண்டாவது ‘போரடித்தல்’ மட்டுமே. பழைய போரடித்தல் இன்பமயமானது என்று நாம் கவிதை பாட வரவில்லை. வெயிலில் வைக்கோல் தூசியும் சுணையும் மேலெல்லாம் அரித்த வேலை அது. அதிலும் சலிப்பு இருந்திருக்கும். ஆனால் மாலையில் கூலியாக நெல் இருந்தது.

எனவே கேள்வி சொல்லைப் பற்றியது மட்டுமன்று. பொழுது போகவில்லை என்பவனுக்குப் பொழுதுபோக்கைக் கொடுத்தால் போதும் என்று நம்புவோர், நோயின் பெயரைத் தவறாகப் படித்தவர்கள். 2006இல் ஆட்சிக்கு வந்த அரசு இல்லந்தோறும் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. பெற்ற மகிழ்ச்சியை நாம் ஏளனம் செய்யவில்லை. வசதி படைத்தோர் வீட்டில் மட்டும் இருந்த பொருள் எளியோர் வீட்டுக்கும் வந்தது. எனினும் அதனால் போனது பொழுது; வராதது வேலை.

இன்னொரு சொல் மீதமிருக்கிறது: சும்மா. துறவி சும்மா இருந்தால் அது சித்தி. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, மாட்டைக் கட்டி, மாமியாருக்கு மருந்து கொடுத்த பெண்ணை “வீட்டில் சும்மா இருக்கிறாள்” என்று அறிமுகப்படுத்துகிறார் கணவர். அவளுக்கிருப்பது அலுப்பா, சலிப்பா என்று அந்த வீட்டில் யாரும் இதுவரை கேட்டதில்லை.