பத்து ரூபாய்ப் புதையல்

இங்கிலாந்திலிருந்து மச்சினன் வருகிறான் என்றால் ஒரு நியாயமான மனிதன் என்ன எதிர்பார்ப்பான்? ஒரு சென்ட் பாட்டில், ஒரு டப்பா சாக்லேட், அதிகபட்சம் ஒரு ஷேவிங் மெஷின். என் மச்சினன் நீளமான பெட்டி ஒன்றைப் பிரித்து ஒரு கழியை வெளியே எடுத்தான். ஒரு முனையில் கைப்பிடி, மூன்று குமிழ்கள். மறுமுனையில் டிபன் தட்டு சைஸில் ஒரு வட்டம்.

"மெட்டல் டிடெக்டர், அத்தான். பழசுதான். நான் புதுசு வாங்கிட்டேன்."

எனக்குத் தெரிந்த மெட்டல் டிடெக்டரெல்லாம் தியேட்டர் வாசலில் நம்மைத் தடவிப் பார்க்கிற ஜாதி. அது கத்தும். "சாவியா? போங்க" என்பார்கள். அங்கே என்னடாவென்றால், லீவு நாளில் இதைத் தூக்கிக்கொண்டு வயல்காட்டில் திரிவார்களாம். பொழுதுபோக்காம்!

நான் முகம் சுளித்ததைப் பார்த்து மச்சினன் ஒரு கதை சொன்னான். கதையில்லை, நடந்தது.

1992 நவம்பர். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோயிற்று. அவருடைய நண்பர் எரிக் லாஸ் மெட்டல் டிடெக்டரோடு தேடப் போனார். கிடைத்ததோ ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும்! மனிதர் ஆசைப்பட்டு முழுசையும் வாரி எடுக்காமல் தகவல் சொல்லிவிட்டார். தொல்லியல்காரர்கள் வந்து பக்குவமாக எடுத்தார்கள். கிட்டத்தட்ட 15,000 காசுகள், தவிர நகைகள், வெள்ளிக் கரண்டிகள். சன்மானம் பதினேழரை லட்சம் பவுண்டு. அதை விவசாயியோடு பங்கு போட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அது பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்விட்டது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பி.காம். பதினேழரை லட்சத்தை இரண்டால் வகுத்து, ரூபாயாக மாற்றி, வருமான வரி கழித்து... அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

"அந்த ஆள் சுத்தியலைத் தேடித்தானே போனார்?" என்றாள் என் சகதர்மிணி. "நம்ம வீட்டுச் சுத்தியலையும் ஆறு மாசமாக் காணோம். முதல்ல அதைத் தேடுங்க. பரண்ல இருக்கும்."

"பரண்ல இல்லை. எதிர் ஃபிளாட்காரர் வாங்கிட்டுப் போனார். திருப்பித் தரலை" என்றேன் தீர்மானமாக. அந்த ஆறு மாதமாக நான் அவரோடு லிஃப்ட்டில்கூடப் பேசுவதில்லை.

முதலில் மாமல்லபுரம் போவதாகத்தான் திட்டம். வக்கீல் நண்பரிடம் வாயைக் கொடுத்தேன். "பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்துல அனுமதியில்லாமத் தோண்டினா 1958-ம் வருஷச் சட்டம் இருக்கு. உள்ளே போயிடுவே" என்றான். "வேற இடத்துலன்னா?" என்றேன். "அதுக்கு 1878-ம் வருஷப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ள பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது கிடைச்சாலும் கலெக்டருக்கு எழுதிப் போடணும். மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்."

"பத்து லட்சமா?"

"பத்து ரூபாய்டா! 1878-ல பத்து ரூபாய்னா சும்மாவா?"

ஆக, ஒரு ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் போய் நின்றேன். கையில் மெட்டல் டிடெக்டர், மகளின் பிளாஸ்டிக் மண்வெட்டி, சமையலறையிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்த மாவுச் சல்லடை.

அந்தத் தட்டுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் திசை மாறி மாறி ஓட, ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் குட்டிக் குட்டியாக மின்சுழல்கள் கிளம்பி, பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தை மேலே அனுப்பும். அது காதில் விழுந்ததும் மெஷின் கத்தும். அவ்வளவுதான் விஷயம். கீழே இருப்பது கிரீடமா, சோடா மூடியா என்பதெல்லாம் தோண்டுகிறவன் பாடு.

ஸ்விட்சைப் போட்டேன். 'கீ...!' என்று அலறியது. ஆஹா, முதல் அடியிலேயே புதையலா? இல்லை, என் செருப்பில் இருந்த ஆணி. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அலையோரம் போனேன். அங்கே விடாமல் கத்தியது. உப்புத் தண்ணீரில் ஊறிய மணலில் மின்சாரம் ஓடும். என்னுடையது போன்ற சாதா மெஷின் கடலையே உலோகம் என்று நினைத்துக்கொள்ளும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

காய்ந்த மணலுக்கு வந்தேன். இப்போது வேறு பிரச்னை.

"சார், பாம் ஸ்குவாடா?" என்றார் வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர்.

"சேச்சே, சும்மா சார்."

அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "சொல்ல மாட்டேங்கறார். மேலிடத்து உத்தரவு போல" என்றார். இரண்டு நிமிஷத்தில், வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்த சிரிப்பு யோகாக் கும்பல் சிரிக்காமல் கலைந்தது.

கான்ஸ்டபிள் வந்தார். "இன்னா சார் இது?"

"ஹாபி சார்."

"அப்பிடின்னா?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சர்த்தான். ஆனா தோண்டற பள்ளத்தை மூடிட்டுப் போ சார். வாக்கிங் வர்ற பெருசுங்க கால் மாட்டிக்கும்." அன்றைக்கு எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அதுதான்.

முதல் நாள் கணக்கு: பாட்டில் மூடி 19, சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள் 14, துருப்பிடித்த ஆணி 6, பத்து ரூபாய் நாணயம் 1. சட்டம் சொல்வது பத்து ரூபாய்க்கு 'மேல்'. என்னிடம் இருந்தது கரெக்டாகப் பத்து. கலெக்டர் தப்பித்தார். வெற்றிக் களிப்போடு டீக்கடையில் அதை நீட்டினேன்.

"பத்து ரூபா காயின் வாங்கறதில்ல சார்."

ரிசர்வ் வங்கி செல்லும் என்கிறது. டீக்கடை செல்லாது என்கிறது. என் புதையலின் கதி அது!

அடுத்த வாரம் விவரமாகப் போனேன். மெஷினில் ஒரு குமிழ் குப்பையை ஒதுக்குவதற்கென்றே இருக்கிறது. லேசாகத் திருப்பினால் இரும்புக்குக் கத்தாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஜிகினாத்தாளுக்கும் கத்தாது. நன்றாகவே திருப்பி வைத்தேன். அடடா, என்ன நிம்மதி! ஆபீசில் பியூன் முதல் மானேஜர் வரை யாருமே குறுக்கே வராத நாள் மாதிரி இருந்தது. எப்போதாவது ஒரு முறைதான் கத்தியது. தோண்டினால் பூப்போல விளிம்பு வளைந்த பழைய அலுமினியப் பத்து பைசா. தொழில் வசப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அக்கா கூப்பிட்டார்.

சாயங்காலம் பஜ்ஜிக் கடை போடுகிறவர். அந்த விடியற்காலையில் மூடிக் கிடந்த கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணலை விரலால் அளைந்துகொண்டிருந்தார். கூடவே அவரிடம் வேலை பார்க்கும் பையன். இருபது வயசு இருக்கும்.

"சார், இது தங்கத்தைக் காட்டுமா?"

"காட்டுமாவது! தங்கத்துக்குத்தானே இது!"

"நேத்து ராத்திரி தார்ப்பாய் மடிக்கறப்ப ஒத்தைத் தோடு விழுந்துடுச்சு சார். பொண்ணுக்கு புதன்கிழமைக்குள்ள காலேஜ் ஃபீஸ் கட்டணும். ரெண்டையும் சேத்து அடகு வச்சாத்தான் அந்தப் பணம் வரும்."

கம்பீரமாக இறங்கினேன். அரைமணி நேரம் கடையைச் சுற்றித் தட்டை வீசினேன். மெஷின் வாயே திறக்கவில்லை.

இங்கே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்குக் கிடைக்கலை அக்கா" என்று. நான் சொன்னது: "இங்கே இல்லவே இல்லை அக்கா. மெஷின் பொய் சொல்லாது."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார்.

"நேத்து கடைசியாக் கூட்டிப் பெருக்கினது இவன்தான் சார்."

"அக்கா... நான் எடுக்கலக்கா."

பையன் அதைச் சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் திடீரென்று ஒரு அவசர போன் வந்தது. (வரவில்லை.) கிளம்பிவிட்டேன்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த கையேட்டை முதல் முறையாகப் பிரித்தேன். நம் ஊரில் எந்தச் சாமானுக்குமே கையேடு என்பது ரிப்பேர் ஆன பிறகு படிப்பதற்குத்தானே! அதில் போட்டிருந்தது: சின்னத் தங்க நகையும் ஜிகினாத்தாளும் மெஷினின் காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். தாளை ஒதுக்கினால் தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

எனக்குச் சொரேல் என்றது.

இந்த மெஷினின் பாட்டனார் கதையையும் அன்று ராத்திரிதான் படித்தேன். 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் தோட்டா எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் கண்ட கிரகாம் பெல், உலோகம் தேடும் கருவி ஒன்றை அவசரமாகத் தயாரித்துக்கொண்டு ஓடினார். தோட்டா வலது பக்கம்தான் இருக்கிறது என்று பெரிய டாக்டர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். அங்கேதான் தேட விட்டார். போதாக்குறைக்குக் கட்டில் மெத்தைக்குள் எஃகு ஸ்பிரிங்குகள் வேறு. செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். பரிசோதனையில் பார்த்தால் தோட்டா இருந்தது இடது பக்கம்.

எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று மனுஷன் முதலில் தீர்ப்பு எழுதிவிடுகிறான். மெஷின் பாவம், கையெழுத்துத்தான் போடுகிறது!

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு மறுபடி பீச். (சம்பள வேலை இல்லாதவனுக்கு ஒரே சௌகரியம், லீவு லெட்டர் வேண்டாம்.) அக்கா வரவில்லை. பையன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜிப் வைத்த ஒரு பை.

"எங்கேப்பா கிளம்பிட்டே?"

"ஊருக்குண்ணே. விழுப்புரம் பக்கம்."

"ஒரு ரெண்டு மணி நேரம் இரு. அப்புறம் போ."

பெல்லின் கட்டில் ஞாபகம் வந்ததால், முதல் வேலையாக இரும்பு அடுப்பையும் பெஞ்சையும் இருவருமாகத் தூக்கிப் பத்தடி தள்ளி வைத்தோம். கயிறு பிடித்து மணலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். கத்தட்டும். எதற்குக் கத்தினாலும் தோண்டுவது.

கத்தியது! ஜிகினாத்தாள், மூடி, ஆணி, பாக்குப் பொட்டலம், ஹேர்பின், மறுபடி ஜிகினாத்தாள்... வெயில் ஏறியது. முதுகு இரண்டாக ஒடிந்தது. அறுபது வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. தண்ணீர் டிரம் வைக்கும் இடத்தருகே மறுபடி ஒரு மெல்லிய 'கீ'. அதே ஜிகினாத்தாள் சத்தம்தான். நாலு விரல் ஆழம் அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினேன்.

மணல் விழ விழ, சிவப்பாக ஒரு கல் எட்டிப் பார்த்தது.

"எடுப்பா!" என்று கத்தினேன்.

பையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாண்ணே. நான் தொட்டா, ஒளிச்சு வெச்சவனே எடுத்துக் குடுத்தான்னு சொல்வாங்க. அக்கா வரட்டும்."

மச்சினன் சொன்ன பதினேழரை லட்சம் பவுண்டு கதையில் இப்படி ஒரு வரி இல்லை சார்.

போன் பண்ணினோம். அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். சல்லடை அப்படியே மணல் மேல் இருந்தது, நாங்கள் இருவரும் காவல் இருந்தோம். "அக்கா, நேத்து மெஷின் சரியாத்தான் இருந்தது. நான்தான் தப்பாத் திருகி வெச்சிருந்தேன்" என்றேன். அவர் தோட்டை எடுத்து முந்தானையில் துடைத்தார். மன்னிப்பு, கண்ணீர் என்று சினிமாவில் வருவதெல்லாம் எதுவும் நடக்கவில்லை. பையனின் கையைப் பின்னாலிருந்து இழுத்து, தோட்டை உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"பத்திரமா வெச்சிருடா. மூஞ்சி கழுவிட்டு வரேன்."

பைப்படிக்குப் போனவர் பத்து நிமிஷம் கழித்துத்தான் திரும்பினார். பையன் அதுவரை மூடிய கையைத் திறக்கவில்லை. விழுப்புரம் பஸ்ஸைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

சொந்தக்காரர் கண்ணெதிரே இருந்ததால் கலெக்டருக்கு எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை. என் லாப நஷ்டக் கணக்கு: செலவு, பெட்ரோல் மற்றும் முதுகு வலித் தைலம். வரவு, அன்று சாயங்காலம் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பத்து ரூபாய் காயின் என்பதால் இல்லை என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்து, மெஷினைக் கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுக்க விடலாம் என்று ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். பெட்டியை உள்ளே தள்ளினால் எதிலோ இடித்தது. கையை விட்டேன்.

சுத்தியல்!

சகதர்மிணி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

நேரே போய் எதிர் ஃபிளாட்டின் காலிங் பெல்லை அடித்தேன். கதவைத் திறந்தவருக்கு ஆச்சரியம். ஆறு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டவன் வாசலில் நிற்கிறான்.

"என்ன சார்?"

என்னவென்று சொல்வது?

"ஒண்ணுமில்லை சார். என்னிக்காவது சுத்தியல் தேவைப்பட்டா கேளுங்க. எங்ககிட்டதான் இருக்கு."