பெயரை மறைக்கும் தாராளவாதிகள்

அமெரிக்காவில் 'லிபரல்' என்னும் சொல், அதற்கு உரியவர்களே வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் சொல்லாகிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. தாராளவாதி என நாம் தமிழில் வழங்கும் அப்பெயரை, ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் பலர் தேர்தற் காலத்தில் தொட்டாற் சுடும் கொள்ளியாகவே கருதுகின்றனர். இது தேர்தல் தந்திரம் என்பது அவர்கள் கட்சி. கோழைத்தனம் என்பது நமது கட்சி. கோழைத்தனத்தினும் மோசமான ஒன்றும் இதில் உண்டு.

1988 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அட்லான்டா மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிவான மைக்கல் டுக்காக்கிஸ், இத்தேர்தல் சித்தாந்தம் பற்றியதன்று, திறமை பற்றியதே என்று அறிவித்தார். அப்பொழுது கருத்துக்கணிப்பொன்றில் அவர் ஜோர்ஜ் புஷ்ஷை விட 17 புள்ளிகள் முன்னணியில் நின்றார். பின்பு நடந்தது யாது? ஜனாதிபதி ரேகனும் புஷ்ஷும் 'எல்' எழுத்திலே தொடங்கும் அந்தச் சொல்லை ஏதோ தொற்றுநோயின் பெயர்போல மேடையேறிச் சொல்லி நகைத்தனர். டுக்காக்கிஸோ இத்தகைய பெயர்களிற் பொருளில்லை என்று விலகி விலகிச் சென்றார். வாக்களிப்புக்கு ஒன்பது நாட்களே இருக்கையில், ஒக்டோபர் 30 ஆம் நாள், தாம் ரூஸ்வெல்ற், ட்ரூமன், கெனடி ஆகியோர் மரபில் வந்த தாராளவாதியே என ஒப்புக்கொண்டார். ஆம், 'ஒப்புக்கொண்டார்' என்றே எழுதவேண்டியிருக்கிறது. கூண்டில் நிற்பவனின் பேச்சாக அல்லவா அது அமைந்தது! 50 மாநிலங்களில் 40 புஷ்ஷிடம் சென்றன. சிறைக்கைதிகளின் விடுமுறையை வைத்து நடத்திய இழிந்த பிரசாரம் முதலாகத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், அம்மூன்று மாத மௌனத்தில் அச்சொல்லின் பொருளை எதிரியே எழுதி முடித்துவிட்டான் என்பதை யார் மறுப்பர்?

கெனடி இவ்வாறு ஒளியவில்லை. 1960 செப்டெம்பர் 14 ஆம் நாள், நியூயோர்க் தாராளவாதக் கட்சியின் ஆதரவை ஏற்றுப் பேசுகையில், எதிரிகள் அப்பெயருக்குக் கற்பிக்கும் பொருளை முதலில் மறுத்தார். மக்களின் உடல்நலம், வீடு, பாடசாலை, தொழில், உரிமை ஆகியவற்றில் அக்கறை கொள்பவனே தாராளவாதி எனில், அப்பெயர் தமக்குப் பெருமையே என்றார். அவ்வாண்டு அவர் வென்றார். மயிரிழையில்தான், ஆனாலும் வென்றார்.

பெயரை விட்டுத் திட்டங்களைப் பேசுவோம், மக்கள் திட்டங்களை விரும்புகின்றனர், பெயரையே வெறுக்கின்றனர் என்பர் தந்திரசாலிகள். 2009 இல் தென் கரோலைனாவில் நடந்த கூட்டமொன்றில் ஒருவர் எழுந்து, தமது மெடிக்கெயரில் அரசாங்கம் கைவைக்கலாகாது என்று கொங்கிரஸ் உறுப்பினரை எச்சரித்தார். மெடிக்கெயரோ, 1965 இல் ஜோன்சன் கையெழுத்திட்டுத் தொடக்கிய, முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதி! அம்மனிதரைக் கண்டு நகைப்பதிற் பயனில்லை. அது யாருடைய கொள்கையின் விளைவு என்று தேர்தல்தோறும் சொல்லவேண்டியவர்கள் வாய்மூடியிருந்தனரே, அவர்களைக் கேளுங்கள்.

இனி அந்த மோசமான விடயம். பெயர் என்பது கடன்பத்திரம். தம்மைத் தாராளவாதி என்று சொல்லிக்கொள்பவரிடம், ஏழைக்குச் செய்ததென்ன என்று வாக்காளன் கணக்குக் கேட்பான். பெயரில்லாதவரை எக்கணக்கும் தொடராது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1935 முதல் இருந்துவந்த சமஷ்டி அரசின் உதவி உத்தரவாதத்தை, 61 ஆண்டுகளின் பின், 1996 இல் ஒழித்த சட்டத்திற் கையெழுத்திட்டவர் யார்? குடியரசுக் கட்சிக்காரரல்லர், தம்மைப் 'புதிய ஜனநாயகவாதி' என அழைத்துக்கொண்ட பில் கிளின்ரன். 2007 இல் ஹிலாரி கிளின்ரனிடம் ஒரு விவாதத்தில் தாராளவாதியா எனக் கேட்டபொழுது, 'முற்போக்காளர்' என்ற சொல்லையே தாம் விரும்புவதாகக் கூறினார். நமக்கு மிக நெருங்கிய சொல் அது. இரவல் கொடுக்க நமக்குத் தயக்கமில்லை, ஒளிந்துகொள்ளும் திரையாகக் கொடுக்கவே தயக்கம்.

நாம் தாராளவாதிகள் அல்லோம். மெடிக்கெயர் தந்த அதே ஜோன்சன், அதே 1965 இல் வியட்நாமுக்குப் போர்ப்படை அனுப்பியதை மறந்தவர்களும் அல்லோம். பெயரை ஏற்பவர் அந்தப் பழியையும் சேர்த்தே ஏற்று விடை கூறவேண்டும். அவர்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

2025 நவெம்பர் 4 ஆம் நாள், நியூயோர்க் மேயர் தேர்தலில் வென்ற சோஹ்ரான் மம்தானி, தாம் ஜனநாயக சோஷலிஸ்ட் என்றும், அதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்றும் வெற்றிமேடையிலேயே கூறினார். நியூயோர்க் அமெரிக்கா முழுவதுமன்று. அவர் சொன்னதைச் செய்வாரா என்பதும் வேறு கேள்வி. ஆனால் வாடகையை உயரவிடேன் என்ற வாக்குறுதியோடு தம் பெயரையும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்நகரத்து வாடகைக் குடியிருப்பாளர் எதைக் காட்டி அவரிடம் கணக்குக் கேட்கவேண்டுமென அறிவர்.