இரு பஃபர்களுக்கு இடையே ஓர் உயிர்

பெங்களூருவின் தென்கோடியில் உள்ள ஹெப்பகோடி மெட்ரோ பணிமனைக்கு 2024 பிப்ரவரியில் மஞ்சள் வழித்தடத்தின் முதல் ரயில் வந்து சேர்ந்தது. சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கும், அங்கிருந்து சாலை வழியாகப் பணிமனைக்கும் தனித்தனியாக வந்த ஆறு பெட்டிகள் அங்கே ஒரே ரயிலாக இணைக்கப்பட்டன. ஆர்.வி.ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இந்த வழித்தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. ஓட்டுநர் இன்றியே இயங்கும் திறன் கொண்ட ரயில்கள் இவை.

இத்தகைய மெட்ரோ ரயில்களின் முனையில் தானியங்கி கப்ளர் பொருத்தப்படுகிறது. இரண்டு ரயில்கள் மெதுவாக நெருங்கினால் போதும். இரும்பு இணைப்பு, காற்றுக் குழாய், மின் இணைப்பு ஆகிய மூன்றும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும். பிரிப்பதற்கும் இடையில் ஆள் நுழைய வேண்டியதில்லை.

அதே ஹெப்பகோடிக்கு அருகில், ஹீலலிகே நிலையத்தின் வழியாக ஓசூர், தருமபுரி, சேலம் நோக்கி இந்திய ரயில்வேயின் பாதை செல்கிறது. பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் ஊர் செல்லும் பாதை இது. இந்தப் பாதை சேரும் இந்திய ரயில்வேயில், இன்ஜினைப் பெட்டியுடன் இணைக்கவும் பிரிக்கவும் இன்றும் ஒரு பாயின்ட்ஸ்மேன் இரண்டுக்கும் நடுவே குனிந்து நுழைகிறார். ஒரே நகரம், ஒரே நாடு, ஒரே காலம். ஓரிடத்தில் இயந்திரம் செய்யும் வேலையை மற்றோரிடத்தில் மனித உடல் செய்கிறது. இதற்குக் காரணம் தொழில்நுட்பப் பற்றாக்குறை அன்று. தொழிலாளியின் உயிருக்கு நிர்வாகம் இடும் விலையே காரணம்.

பரௌனியில் நடந்தது

2024 நவம்பர் 9. பீகார் மாநிலம் பரௌனி சந்திப்பில், லக்னோவிலிருந்து வந்து சேர்ந்த விரைவு ரயிலின் இன்ஜினைப் பிரிக்கும் பணியில் ஓர் இளம் ரயில்வே தொழிலாளி ஈடுபட்டிருந்தார். அவர் உள்ளே நிற்கும்போதே இன்ஜின் நகர்ந்தது. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே நசுங்கி அவர் உயிரிழந்தார். அந்தப் படத்தை நாடே பார்த்துப் பதறியது. சில நாட்களில் மறந்தும் போனது.

அதன்பின் நடந்ததே கவனத்துக்குரியது. ஆரம்பக்கட்ட விசாரணைக் குறிப்பு, உடன் பணியில் இருந்த மற்றொரு பாயின்ட்ஸ்மேன் மீது தவறைச் சுமத்தியது. அவர் அதை மறுத்தார். தாம் சைகை காட்டாமலே இன்ஜின் நகர்த்தப்பட்டது என்றார். தவறு பாயின்ட்ஸ்மேனுடையதா, லோகோ பைலட்டுடையதா என்ற கேள்வியோடு விவாதம் முடிந்தது. நகரக்கூடிய பல டன் இரும்புக்கு நடுவே ஒரு மனிதர் ஏன் நிற்க வேண்டியிருந்தது என்ற கேள்வி எழவே இல்லை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் அபாயம் புரியும். திருகு இணைப்பு உள்ள இடத்தில், தொழிலாளி பஃபருக்குக் கீழே குனிந்து உள்ளே சென்று, கனத்த வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டித் திருகி இறுக்க வேண்டும். பிரேக் குழாயையும் காற்றுக் குழாயையும் இணைத்து வால்வுகளைத் திறக்க வேண்டும். பிரிக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இணைப்பு இறுகி நின்றால், அதைத் தளர்த்த இன்ஜின் சற்றே பின்தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த நகர்வு எப்போது, எந்தத் திசையில் என்பது கொடியாலோ விளக்காலோ வாக்கி-டாக்கியாலோ தரப்படும் ஒரு சைகையைப் பொறுத்தது. ஷண்டிங்கின்போது வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் இரண்டு பஃபர்களுக்கு இடையே நிற்பவரைக் கொல்ல நடைவேகமே போதும்.

கருவி முதலில், சட்டம் பிறகு, பயன் அதன் பிறகு

இந்தச் சிக்கலுக்கான தீர்வு ஒன்றரை நூற்றாண்டு பழையது. அமெரிக்காவில் ஈலை ஜான்னி என்பவர் 1873இல் தானியங்கி கப்ளருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கைகள் விரல் மடக்கிக் கோத்துக்கொள்வதுபோல் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அது. ஆயினும் முதலாளிகள் அதை உடனே ஏற்கவில்லை. அதுவரை இருந்த முறையில், மோத வரும் பெட்டிகளுக்கு நடுவே நின்று தொழிலாளி கையால் வளையத்தைப் பிடித்து முளையைச் செருக வேண்டும். விரல் இழந்த கையே அனுபவசாலி என்பதன் அடையாளமாக இருந்த காலம் அது. விரல் போனவரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்துவது, கப்ளர் வாங்குவதைவிட மலிவாக இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, தொழிலாளர் அமைப்புகளும் லொரென்சோ காஃபின் போன்ற சீர்திருத்தவாதிகளும் இடைவிடாது போராடிய பிறகே, 1893 மார்ச்சில் ரயில் பாதுகாப்புக் கருவிச் சட்டம் நிறைவேறியது. ஆட்கள் பெட்டிகளுக்கு இடையே செல்லாமல் பிரிக்கக்கூடியதும், மோதலில் தானாகவே இணைவதுமான கப்ளர்கள் கட்டாயமாக்கப்பட்டன. அதன் பின்னரே இணைப்புப் பணியில் நேரும் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

சட்டம் வந்தபின்னும் நிறுவனங்கள் ஓட்டை தேடின. 1900இல் யூட்டா மாநிலத்தில் ஓர் இன்ஜினை உணவுப் பெட்டியுடன் இணைக்க முயன்ற ஜான்சன் என்ற தொழிலாளி கையை இழந்தார். இரண்டிலும் தானியங்கி கப்ளர் இருந்தது. ஆனால் இரண்டும் வெவ்வேறு வகை என்பதால் ஒன்றோடொன்று பூட்டவில்லை. சட்டம் பெட்டிகளைப் பற்றியது, இன்ஜின் பெட்டி ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் அவரது வழக்கைத் தள்ளின. 1904இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. கருவி பெயரளவில் இருந்தால் போதாது, ஆள் நடுவே செல்லத் தேவையில்லாதபடி அது வேலை செய்ய வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மற்ற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஜப்பான் பல ஆண்டுகள் முன்தயாரிப்பு செய்து, 1925 ஜூலையில் ஒரே நாளில் அதன் முதன்மைத் தீவின் ரயில் பெட்டிகளைத் தானியங்கி கப்ளருக்கு மாற்றியது. சோவியத் ஒன்றியம் 1930களின் நடுப்பகுதியில் தொடங்கி, நாஜிப் படையெடுப்பின் பேரழிவைக் கடந்து, 1957இல் அப்பணியை முடித்தது. செல்வம் கொழிக்கும் மேற்கு ஐரோப்பாவிலோ சரக்குப் பெட்டிகளில் இன்றும் திருகு இணைப்பே மிகுதி. பல நிறுவனங்களுக்கும் பல நாடுகளுக்கும் இடையே செலவை யார் ஏற்பது என்ற பேரத்தில் மாற்றம் பல பத்தாண்டுகளாகத் தேங்கி நிற்கிறது. பணமிருந்தும் நடக்காதது, திட்டமிட்ட முடிவு இருந்த இடங்களில் நடந்தது.

பாதி வழியில் நின்ற மாற்றம்

இந்திய ரயில்வே முழுவதும் ஒரே பொது நிறுவனம். ஒரே முடிவில் நாடு முழுவதையும் மாற்றும் வாய்ப்பு ஐரோப்பாவைவிட இங்கே அதிகம். சரக்குப் பெட்டிகளில் நடுப் பஃபர் கப்ளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. பயணிகள் பெட்டிகளில் எல்எச்பி வகை வந்தபோது அதுவும் வந்தது. 1955இல் தொடங்கிய பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, திருகு இணைப்புடைய தன் பழைய வகைப் பெட்டிகளின் தயாரிப்பை 2018 ஜனவரியில் நிறுத்தியது.

ஆனால் மாற்றம் இரும்புக் கொக்கியோடு நின்றுவிட்டது. நடுப் பஃபர் கப்ளர் தானே பூட்டிக்கொள்ளலாம். பிரேக் குழாய்களையும் மின் கம்பிகளையும் இணைக்கவும் பிரிக்கவும் தொழிலாளி உள்ளே சென்றே ஆக வேண்டும். பழைய பெட்டிகளும் புதிய பெட்டிகளும் கலந்து ஓடும் வரை, இரண்டு வகை இணைப்புக்கும் ஈடு கொடுக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. ஜான்சன் கையை இழந்த அதே வகைச் சிக்கல் இது.

செய்ய முடியாது என்று சொல்ல வழியில்லை. 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலையும் பெரம்பூர்த் தொழிலாளர்களே உருவாக்கினர். அதற்குத் தனி இன்ஜின் இல்லாததால் கடைசி நிலையத்தில் இன்ஜினைக் கழற்றி மாற்றும் வேலையே இல்லை. இருபுறமும் இன்ஜின் உள்ள அம்ரித் பாரத் ரயில்களிலும் அப்படியே. ஆகவே அறிவும் உற்பத்தித் திறனும் நாட்டில் உள்ளன. 2024-25 நிதிநிலை அறிக்கையில் ரயில்வேக்கு ரூ.2.62 லட்சம் கோடி மூலதனச் செலவு ஒதுக்கப்பட்டது. பரௌனிச் சாவு நிகழ்ந்தது அதே நிதியாண்டில்தான். பணம் இல்லை என்பது பொய். எதற்கு முன்னுரிமை என்பதே கேள்வி.

யார் குற்றவாளி, யார் நீதிபதி?

அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் அறிக்கை அளித்தது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரையிலான காலத்தில் ஏறத்தாழ 1,600 ரயில்வே ஊழியர்கள் பணியின்போது உயிரிழந்ததை அது பதிவு செய்தது. ரயில் விபத்து என்றதும் நாட்டின் நினைவுக்கு வருவது கவிழ்ந்த பெட்டிகள்தான். ஒருவர், இருவர் என யார்டுகளிலும் பாதைகளிலும் மடியும் தொழிலாளர்கள் நினைவுக்கு வருவதில்லை.

சட்டமும் அவர்களைக் காண மறுக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 114ஆவது பிரிவின்படி, பயணிகள் ரயில் விபத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தே ஆக வேண்டும். மற்ற விபத்துகளை அவர் தேவை எனக் கருதினால் விசாரிக்கலாம். ஆகவே ஷண்டிங்கில் நேரும் சாவு பெரும்பாலும் நிர்வாகத்தின் உள் விசாரணையோடு முடிகிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், தொழிற்சாலை என்பதன் வரையறையிலிருந்து ரயில்வே ரன்னிங் ஷெட்டை விலக்கி வைத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த விலக்கை அப்படியே தொடர்கிறது. பழைய சட்டங்களைத் திரட்டி நவீனமாக்கியதாகப் பெருமை பேசும் ஒன்றிய அரசு, இந்தப் பழைய ஓட்டையை மட்டும் பத்திரமாகக் காத்து வைத்திருக்கிறது.

தொழிலாளியின் காயத்துக்குச் சக தொழிலாளியே காரணம் என்று சொல்லி முதலாளி தப்பிக்கும் உத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து, அமெரிக்க நீதிமன்றங்களில் ஏற்கப்பட்ட கோட்பாடாகவே இருந்தது. ரயில் விபத்து ஒன்றுக்காக லண்டன் மரண விசாரணை ஜூரியின் முன் நிறுத்தப்பட்ட கார்டு, இன்ஜின் ஓட்டுநர், சிக்னல் ஊழியர் ஆகிய மூவரைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில் எழுதுகிறார். கவனக்குறைவு என்பது குற்றச்சாட்டு. ஓய்வின்றி நீட்டிக்கப்பட்ட வேலை நேரம் என்பது அவர்களின் பதில். இந்தியாவில் 1938ஆம் ஆண்டு வேலையளிப்போர் பொறுப்புச் சட்டம், இழப்பீட்டு வழக்குகளில் சக தொழிலாளியைக் காட்டித் தப்பும் வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நீதிமன்றத்தில் செத்த அந்த வாதம் ரயில்வேயின் விசாரணைக் குறிப்புகளில் உயிரோடு உலவுகிறது.

ஆட்குறைப்பு இங்கும் தன் பங்கைச் செய்கிறது. ரயில்வேயில் சுமார் 2.5 லட்சம் பணியிடங்கள் காலியாக இருப்பதாக 2023இல் நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. வாராந்திர ஓய்வுக்காகத் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் போராட வேண்டியிருந்தது. களைத்த ஓட்டுநரும் ஆள்பற்றாக்குறையில் அவசரப்படும் பாயின்ட்ஸ்மேனும் ஒரு சைகையால் மட்டும் இணைக்கப்படும்போது, அதைத் தனிமனிதத் தவறு என்று அழைப்பது அநீதி.

இயந்திரம் யாருக்காக?

தானியங்கி கப்ளர் வந்தால் பாயின்ட்ஸ்மேன் வேலை போய்விடாதா என்ற அச்சம் தொழிலாளர்களிடையே எழுவது இயல்பு. ஓட்டுநர் இல்லாத ரயிலைப் பார்க்கும் ஹெப்பகோடித் தொழிலாளிக்கு அந்த அச்சம் இன்னும் கூர்மையானது. ஆனால் அபாயத்தைக் காப்பாற்றி வேலையைக் காப்பாற்ற முடியாது. இயந்திரம் அபாயத்தை நீக்கட்டும். மிச்சமாகும் நேரம் ஓய்வாகவும் குறைந்த வேலை நேரமாகவும் தொழிலாளிக்கே வரட்டும் என்பதே வர்க்கத்தின் நிலைப்பாடு. காலிப் பணியிடங்கள் லட்சக்கணக்கில் இருக்கும் ஒரு துறையில், புதிய கருவியைக் காட்டி ஆட்குறைப்பு பேச எந்த நிர்வாகத்துக்கும் அருகதை இல்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. இன்ஜின், பயணிகள் பெட்டி, சரக்குப் பெட்டி அனைத்திலும் காற்றுக் குழாயும் மின் இணைப்பும் சேர்ந்த தானியங்கி கப்ளரைப் பொருத்த, நாள் குறித்த தேசியத் திட்டம் வேண்டும். அது நிறைவேறும் வரை, ஆள் உள்ளே இருக்கும்போது இன்ஜின் நகர முடியாதபடி தடுக்கும் பூட்டு ஏற்பாடு வேண்டும். போதிய ஆட்கள் இல்லாமல் ஷண்டிங் நடத்தக் கூடாது. காலிப் பணியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். பணியில் நேரும் ஒவ்வொரு சாவையும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கட்டாயம் விசாரிக்கும் வகையில் சட்டம் திருத்தப்பட வேண்டும். அந்த விசாரணையில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு இடம் வேண்டும்.

இவை மேலிருந்து கனிந்து விழும் கனிகள் அல்ல. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தோழர்களைப் பறிகொடுத்த ரயில்வே தொழிலாளர் இயக்கத்துக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஹெப்பகோடிக்கும் தெரியும். வருங்கால வைப்பு நிதியைத் தொழிலாளி எடுப்பதற்கு ஒன்றிய அரசு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து, 2016 ஏப்ரலில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பெங்களூரு வீதிகளை நிறைத்தனர். ஓசூர் சாலையும் ஹெப்பகோடியும் கொந்தளித்தன. இரண்டே நாட்களில், ஏப்ரல் 19 அன்று, அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. தமது சேமிப்பைக் காத்துக்கொண்ட அந்தப் பெண்களின் ஊர் வழியே போகும் ரயில்களை இணைத்துப் பிரிக்கும் கைகளைக் காப்பதும் அதே வர்க்கத்தின் கடமை. சங்கக் கூட்டங்களிலும் வாயிற்கூட்டங்களிலும் இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் செல்வது இன்றே தொடங்க வேண்டிய வேலை.