தொல்லையை ஒழிக்க இன்னோர் உயிரை வாங்கலாமா?

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். கடையிலிருந்து ஒரு சிறு பவளத்துண்டை வாங்கி வந்து தொட்டியில் வைக்கிறீர்கள். சில வாரங்கள் கழித்து, கல்லின் இடுக்கில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு பூ விரிந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் அது ஐந்தாகிறது. அதன்பிறகு எண்ண முடிவதில்லை.

அது பூவன்று. ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி. பவளத்துக்கும் ஜெல்லிமீனுக்கும் உறவான ஒரு விலங்கு. கைகள் போன்ற அதன் இழைகளில் கொட்டும் உயிரணுக்கள் நிறைந்திருக்கின்றன. பக்கத்தில் வளரும் பவளத்தைக் கொட்டியே சுருங்க வைத்துவிடும்.

தொட்டி வளர்க்கும் நண்பர்களிடம் யோசனை கேட்டால் பெரும்பாலும் ஒரு பதில் வரும்: "அதைத் தின்னும் மீனை வாங்கி விடு." கேட்பதற்கு இயற்கையான தீர்வாகத் தெரியும். ஆனால், அதை முதல் வழியாகக் கொள்வது தவறு என்பது என் கருத்து.

வெட்டினால் பெருகும்

முதலில் அந்த விலங்கைத் தெரிந்துகொள்வோம். ஐப்டேசியா கல்லில் ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதிக்குப் பாதம் என்று பெயர். அது நகரும்போது பாதத்தின் ஓரத்திலிருந்து மிகச் சிறிய துணுக்குகளைக் கல்லிலேயே விட்டுச் செல்லும. ஒவ்வொரு துணுக்கிலும் வாயும் இழைகளும் முளைத்து, அது முழு விலங்காகிவிடும். இணை தேவையில்லை. தொட்டிக்குள் ஒன்றே ஒன்று வந்தால் போதும். கத்தியால் சுரண்டினால் நீங்களே அதன் இனப்பெருக்கத்துக்கு உதவியவர் ஆவீர்கள்.

அதன் உணவுக்கும் குறைவில்லை. உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவளிக்கின்றன. நீரில் மிதந்து வரும் தீனித் துணுக்குகளையும் அது பிடித்துத் தின்னும்.

வீட்டில் தொல்லை தரும் இதே குணங்களுக்காக ஆய்வுக்கூடங்கள் அதை விரும்பி வளர்க்கின்றன. பவளமும் இத்தகைய நுண்பாசிகளோடுதான் கூட்டாக வாழ்கிறது. கடல்நீர் சூடாகும்போது அந்த உறவு முறிந்து பவளம் வெளுக்கிறது. பவளத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கடினம். ஐப்டேசியாவை வளர்ப்பது எளிது. அதனால் பவளம் வெளுப்பதை ஆராய ஐப்டேசியாவை மாதிரி உயிரினமாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் மரபணுத் தொகுதி 2015இல் வெளியிடப்பட்டது.

வேலை முடிந்த பிறகு?

இப்போது அந்த மீனுக்கு வருவோம். ஐப்டேசியாவைத் தின்ன வைப்பதற்காக அதிகம் வாங்கப்படுவது, செம்பு நிறப் பட்டைகளும் நீண்ட மூக்கும் கொண்ட வண்ணத்துப்பூச்சி மீன். சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளிலும் இதைக் காணலாம். கடலில் நாள் முழுவதும் பாறை இடுக்குகளில் சிறு புழுக்களையும் பிற உயிர்களையும் கொத்தித் தின்று வாழ்வது அதன் இயல்பு. தொட்டியில் நாம் போடும் தீனியை அது எளிதில் ஏற்பதில்லை. பட்டினியால் இறப்பவை பல.

பெர்கியா என்ற சிறிய, ஓடில்லாத கடல் நத்தையின் நிலை இன்னும் கடினம். ஐப்டேசியாதான் அதன் ஒரே உணவு. எந்த நாளில் உங்கள் தொட்டி சுத்தமாகிறதோ, அந்த நாளில் அதன் பட்டினி தொடங்குகிறது. மிளகுக்கீரை இறால் எனப்படும் இறாலும் பரிந்துரைக்கப்படும். அதைப் போலவே தோன்றும் வேறோர் இறாலைத் தவறுதலாக வாங்கிவிட்டால், அது உங்கள் பவளத்தையே தின்னக்கூடும்.

"இயற்கை எதிரியைக் கொண்டு கட்டுப்படுத்துவதும் அறிவியல்தானே? மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்கக் கூகைகளை வளர்க்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், தோட்டத்தில் எலி குறைந்தால் கூகை பறந்து வேறிடம் போய் இரை தேடலாம். கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும் மீன் எங்கே போகும்?

ஒரு விதிவிலக்கை ஏற்கிறேன். பண்ணையில் வளர்க்கப்பட்ட பெர்கியாவை வாங்கி, வேலை முடிந்ததும் ஐப்டேசியா உள்ள இன்னொருவரின் தொட்டிக்கு மாற்றிவிட முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் அதில் தவறில்லை. மீன் வாங்குவதானால், அது உங்கள் தொட்டியில் பல ஆண்டுகள் வாழ வழியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வராமல் தடுப்பதே சிறந்த வழி. புதிய பவளத்தை நேராகத் தொட்டியில் வைக்காதீர்கள். தனியான சிறு தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக் கவனியுங்கள். அதற்குள் ஒளிந்திருப்பவை பெரும்பாலும் வெளியே தலைகாட்டிவிடும்.

வந்துவிட்டால், எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே சுண்ணாம்பைப் பயன்படுத்துங்கள். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடுதான் இதற்கும் மருந்து. ஆனால் மீன்தொட்டிக்கென விற்கப்படும் தூய வகையையே வாங்குங்கள். கெட்டியாகக் குழைத்து, நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, சிரிஞ்சு மூலம் ஐப்டேசியாவின் வாயருகே மெதுவாக விடுங்கள். அதன் கடுமையான காரத்தன்மை விலங்கைக் கொன்றுவிடும். ஒரே நாளில் பலவற்றுக்கு இப்படிச் செய்தால் தொட்டி நீரின் காரத்தன்மையும் உயர்ந்து மீன்களைப் பாதிக்கும். ஆகவே ஒரு தடவைக்குச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பெரியவர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். மிஞ்சும் அளவுக்குத் தீனி போடுவதையும் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: கல்லை எடுத்துக் கொதிக்க வைப்பது. கல்லில் ஒட்டியிருக்கும் சிலவகை சோவாந்திட் உயிரிகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது நீராவியோடு கலந்து மூச்சில் ஏறியதால் குடும்பத்தோடு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

வேண்டாதவற்றைக் கடலில் விடுவதும் தீர்வன்று. துடிப்பதுபோல் அசையும் சீனியா என்ற மென்பவளத்தை அழகுக்காக வாங்குகிறோம். அது கல்லுக்குக் கல் பரவித் தொல்லையாகிறது. அதன் உறவினமான யூனோமியா, இந்தோ-பசிபிக் கடலுக்கு உரியது. இன்று அது வெனிசுவேலாவின் கரையோரத்தில் பரவி, அங்குள்ள பவளங்களை மூடிக்கொண்டிருக்கிறது. மீன்தொட்டி வணிகத்தின் வழியாகவே அங்கு போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உலகின் கடினப் பவள இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 250 இனங்கள், சிங்கப்பூர்க் கடலில் உள்ளன. அவற்றுக்கும் அந்த நிலை வரவேண்டாம். தொட்டி நீரைச் சாலையோரக் கால்வாயில் ஊற்றினால் அது நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். கழிவறையில் ஊற்றினால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். எங்கே ஊற்றுவது என்பதில் இனி குழப்பம் வேண்டாம்.

கடைசியாக ஒரு யோசனை. எல்லா ஐப்டேசியாவையும் ஒழிக்குமுன், ஒன்றை மட்டும் சிறு கண்ணாடிச் சாடியில் கடல்நீரோடு தனியாக வையுங்கள். அதன் பாதம் விட்டுச்செல்லும் ஒரு துணுக்கு முழு விலங்காக எத்தனை நாள் எடுக்கிறது என்று தினமும் படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். பள்ளி அறிவியல் திட்டப்பணிக்கு அது நல்ல தொடக்கமாக இருக்கும். அதற்காக நீங்கள் கடையிலிருந்து எந்த உயிரையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.